இயல் 6: வாடகை வரம்பும் வாடகைதாரர் உரிமையும்

வாடகைச் சட்டங்களில் 'வரம்பு' என்பது ஒரு கோடு. கோட்டுக்கு உள்ளே இருக்கும் வீட்டுக்குச் சட்டத்தின் சிறப்புப் பாதுகாப்பு உண்டு. வெளியே இருக்கும் வீட்டுக்கு அது கிடையாது. மாத வாடகையின் அளவு, கட்டடத்தின் வயது, உரிமையாளர் யார், குடியிருப்பவர் யார் என்று இந்தக் கோட்டைப் பல விதமாகப் போடலாம். இந்தியாவில் வெவ்வேறு மாநிலங்கள் இந்த நான்கையும் பயன்படுத்தியிருக்கின்றன. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கும் இருவரில் ஒருவர் பல ஆண்டுகள் நிம்மதியாக இருப்பதும், மற்றவர் 15 நாள் அறிவிப்பில் காலி செய்யும் நிலைக்கு வருவதும் பெரும்பாலும் இந்தக் கோட்டால்தான்.

வரம்பு எப்படிச் செயல்படுகிறது, வாடகையை அது எப்படிக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது, தமிழ்நாட்டில் இன்று நிலை என்ன, குடிவருமுன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பவற்றை இந்த இயல் வரிசையாக விளக்குகிறது.

கோட்டின் இரு பக்கங்கள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நகரங்களில் வீட்டுத் தட்டுப்பாடு கடுமையானது. வாடகை தாறுமாறாக ஏறுவதையும் குடியிருப்பவர்கள் திடீரென வெளியேற்றப்படுவதையும் தடுக்க அரசு ஆணைகள் வந்தன. சென்னை மாகாணத்தில் போர்க்கால ஆணைகளைத் தொடர்ந்து 1946, 1949 ஆண்டுகளில் சட்டங்கள் வந்தன. பின்னர் 1960-ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் அவற்றின் இடத்தைப் பிடித்தது. டெல்லிக்கு 1958-லும் பம்பாய்க்கு 1947-லும் இதே வகைச் சட்டங்கள் இயற்றப்பட்டன.

இத்தகைய சட்டத்துக்கு உள்ளே இருக்கும் வாடகைதாரருக்கு இரண்டு பெரிய பாதுகாப்புகள் உண்டு. முதலாவது, உரிமையாளர் நினைத்தபடி வாடகையை உயர்த்த முடியாது. இரண்டாவது, சட்டம் பட்டியலிட்டிருக்கும் காரணங்களில் ஒன்றை மெய்ப்பிக்காமல் காலி செய்யச் சொல்ல முடியாது. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தல், உரிமையாளர் சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுதல், வீட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துதல், கட்டடத்தைப் பாழாக்குதல், அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தருதல், உரிமையாளரின் உண்மையான சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன.

கோட்டுக்கு வெளியே இருப்பவருக்குப் பொருந்துவது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 106-ஆம் பிரிவின்படி மாதாந்திரக் குடித்தனத்தை 15 நாள் அறிவிப்பில் முடித்துவிடலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. அறிவிப்புக்குப் பிறகு உரிமையாளர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பார். அங்கே குடித்தனம் முறையாக முடிக்கப்பட்டதா என்பதுதான் முக்கியக் கேள்வி.

கோட்டுக்கு வெளியே இருப்பவரும் முழுவதும் நிராதரவானவர் இல்லை. நீதிமன்ற உத்தரவின்றிப் பூட்டை உடைப்பது, சாமான்களைத் தெருவில் எறிவது, தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்து விரட்டுவது ஆகியவை யாருக்கும் அனுமதிக்கப்படவில்லை. அப்படி வெளியேற்றப்பட்டவர் 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்து வீட்டின் அனுபோகத்தைத் திரும்பப் பெறலாம். இந்த ஆறு மாதக் கெடுவைத் தவறவிடக் கூடாது.

400 ரூபாய்: தமிழ்நாடு தரும் பாடம்

தொகை வரம்பின் பலவீனத்தைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டின் பழைய சட்டமே நல்ல எடுத்துக்காட்டு. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு இரண்டு வகைக் கட்டடங்களுக்கு விலக்கு அளித்தது. புதிதாகக் கட்டிய கட்டடத்துக்கு முதல் ஐந்து ஆண்டுகள் சட்டம் பொருந்தாது. ஒரு குடித்தனக்காரர் தரும் மாத வாடகை 400 ரூபாயைத் தாண்டினால் அந்தக் குடியிருப்புக்கும் சட்டம் பொருந்தாது. 1973-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கடை, அலுவலகம் போன்றவற்றுக்கு இந்தத் தொகை வரம்பு இல்லை.

இதன் விளைவு விநோதமானது. சென்னையில் ஆயிரக்கணக்கில் வாடகை தரும் பெரிய கடைக்காரருக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. 450 ரூபாய்க்கு வீடு எடுத்துக் குடும்பம் நடத்துபவருக்கு இல்லை. 400 ரூபாய் என்ற எண் எழுதப்பட்ட காலத்தில் அது வசதியானவர்கள் தரும் வாடகையைக் குறித்திருக்கலாம். விலைவாசி ஏற ஏற, அதே எண் நடுத்தரக் குடும்பங்களையும் அதற்குக் கீழே இருப்பவர்களையும் கோட்டுக்கு வெளியே தள்ளியது. சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறாமலே பாதுகாப்பு கரைந்துகொண்டிருந்தது.

1986-ல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விலக்கைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கடைக்கு வரம்பே இல்லாதபோது வீட்டுக்கு மட்டும் வரம்பு வைப்பது அரசமைப்பின் 14-ஆம் உறுப்பு தரும் சமத்துவத்துக்கு முரண் என்பது ஒரு காரணம். இயற்றிய நாளில் நியாயமாக இருந்த சட்டம், காலம் மாறும்போது நியாயமற்றதாகிவிடலாம் என்பது மற்றொன்று. அதன் பிறகு தமிழ்நாட்டில் வாடகை எவ்வளவு என்றாலும் குடியிருப்புகளுக்குச் சட்டம் பொருந்தியது.

உரிமையாளர் யார் என்பதைப் பொறுத்த வரம்பு வேறு கதை. இந்து, கிறித்தவ, முஸ்லிம் சமய நிறுவனங்களுக்கும் அறநிறுவனங்களுக்கும் சொந்தமான கட்டடங்களுக்கு 1976-ல் அரசாணை மூலம் விலக்கு அளிக்கப்பட்டது. பின்னர் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கு செல்லும் என்றது. அறக்காரியங்களுக்கான வருமானம் குறைந்த வாடகையால் நலியக் கூடாது என்பதே அதற்கு அடிப்படை. மாட வீதிகளில் கோயில் மனையிலும் கோயில் வீட்டிலும் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்கள் பலருக்கு இந்த வரம்பு நேரடியாகப் பொருந்தியது.

3,500 ரூபாய்: டெல்லியும் பிற மாநிலங்களும்

டெல்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1988-ல் திருத்தப்பட்டது. மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டும் இடங்கள் அன்றுமுதல் சட்டத்துக்கு வெளியே போயின. புதிய கட்டடங்களுக்குப் பத்து ஆண்டு விலக்கு தரப்பட்டது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் வாடகையை உயர்த்த உரிமையாளருக்கு வழி செய்யப்பட்டது.

டெல்லியின் வரம்பை எதிர்த்த டி.சி. பாட்டியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பு செல்லும் என்றது. அவ்வளவு வாடகை தரக்கூடியவருக்குச் சிறப்புப் பாதுகாப்பு தேவையில்லை என்று சட்டமன்றம் முடிவு செய்யலாம் என்பதும், ஏற்கெனவே குடியிருப்பவரிடமிருந்தும் அந்தப் பாதுகாப்பை விலக்கலாம் என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். தொகை வரம்பு என்பதாலேயே ஒரு விதி செல்லாததாகிவிடாது என்பதை இதையும் ரத்தன் ஆர்யா தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால் அறியலாம். எந்த வகையினரை எதனோடு ஒப்பிட்டுப் பிரிக்கிறது என்பதே கேள்வி.

1988-ல் 3,500 ரூபாய் பெரிய தொகை. இன்று டெல்லியில் ஓர் அறை எடுத்துத் தங்குபவரும் அதைவிடக் கூடுதலாகத் தருகிறார். எண் மட்டும் நகரவில்லை. அதனால் இன்று புதிதாகக் குடிவருபவர்களில் பெரும்பாலோர் கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் சொற்ப வாடகைக்கு வந்தவர்களே உள்ளே எஞ்சியிருக்கிறார்கள்.

பிற மாநிலங்களும் வரம்பு வைத்திருக்கின்றன:

• கர்நாடக வாடகைச் சட்டம் 1999: பெங்களூரு போன்ற பெருநகரப் பகுதிகளில் மாதம் 3,500 ரூபாய், பிற இடங்களில் 2,000 ரூபாய்.
• மேற்கு வங்கக் குடித்தனச் சட்டம் 1997: கொல்கத்தா, ஹவுரா மாநகராட்சிப் பகுதிகளில் வீட்டுக்கு 6,500 ரூபாய், பிற இடங்களில் 3,000 ரூபாய், கடை, அலுவலகங்களுக்கு அதே இரு பகுதிகளில் முறையே 10,000 ரூபாய், 5,000 ரூபாய்.
• மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999: இங்கே கோடு வாடகையின் மேல் போடப்படவில்லை. செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் ஒரு கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள், வெளிநாட்டுத் தூதரகங்கள் ஆகியவை வாடகைதாரராக இருந்தால் பாதுகாப்பு இல்லை.

இவற்றில் மகாராஷ்டிரத்தின் முறை ஒரு வகையில் நேர்மையானது. வாடகையின் அளவைக் கொண்டு ஒருவரின் வசதியை ஊகிக்காமல், வசதி உள்ளவர் யார் என்பதையே அது நேராகப் பார்க்கிறது. ஆறு பேர் உள்ள குடும்பம் வேறு வழியின்றிப் பெரிய வீட்டுக்குக் கூடுதல் வாடகை தரலாம். நல்ல வருமானம் உள்ள ஒருவர் பழைய வாடகையில் சிறு போர்ஷனில் இருக்கலாம். தொகை வரம்பு இந்த இருவரையும் தலைகீழாகப் பிரித்துவிடுகிறது.

எது வாடகை, எது வாடகை ஆகாது

வரம்புக்கு அருகில் இருப்பவருக்கு வாடகை என்ற சொல்லின் பொருளே உரிமையைத் தீர்மானிக்கிறது. கட்டடத்துக்கு மட்டும் தருவதா, தண்ணீர், பராமரிப்பு, மேசை நாற்காலி, மின்சாதன வசதி ஆகியவற்றுக்குத் தருவதும் சேருமா?

கல்கத்தாவிலிருந்து வந்த கர்னானி பிராப்பர்டீஸ் வழக்கில் 1957-லேயே உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. வீட்டோடு சேர்த்துத் தரப்படும் வசதிகளுக்காக ஒப்புக்கொண்ட தொகையும் வாடகைக்குள் அடங்கும் என்றது. இதைக் கணக்கில் வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். டெல்லியில் ஒரு பழைய குடித்தனத்துக்கு வாடகை 3,200 ரூபாய், தண்ணீருக்கு 200, பராமரிப்புக்கு 200 என்று ஒரே ரசீதில் எழுதினால் மொத்தம் 3,600. உரிமையாளர் தரப்பு இதை வைத்து வரம்பு தாண்டிவிட்டது என்று வாதாடும்.

டெல்லிச் சட்டம் அனுமதிக்கும் 10 சதவீத உயர்வும் இப்படித்தான். 3,300 ரூபாய் வாடகை ஒரே உயர்வில் 3,630 ஆகிறது. வழக்கமான ஓர் உயர்வுபோலத் தோன்றுவது குடித்தனத்தின் தன்மையையே மாற்றும் வாதத்துக்கு இடம் கொடுக்கிறது. ஆகவே கோட்டுக்கு அருகில் இருப்பவர் வாடகை உயர்வுக்குச் சம்மதக் கடிதம் எழுதித் தருமுன் வழக்கறிஞரிடம் காட்டுவது அவசியம்.

வரம்பும் வாடகைச் சந்தையும்

வாடகையை ஒரு காலத்து அளவில் நிறுத்திவைப்பதும், வரம்பை ஒரு தொகையில் நிறுத்திவைப்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். பம்பாயில் சட்டம் அனுமதித்த வாடகை 1940 செப்டம்பர் நிலவரத்தோடு கட்டப்பட்டிருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே அளவு நீடித்தது. 1997-ல் மால்பே விஸ்வநாத் ஆச்சார்யா வழக்கில் உச்ச நீதிமன்றம், காலப்போக்கில் அந்த உறைநிலை நியாயமற்றதாகிவிட்டது என்றது. கிடைக்கும் வாடகை, வரி கட்டக்கூடப் போதாத நிலையில் உரிமையாளர்கள் பழுதுபார்க்கவில்லை. மழைக்காலத்தில் பழைய கட்டடங்கள் இடிந்து உயிர்ச்சேதம் ஏற்படுவது மும்பையில் தொடர்கதையானது. மறுபுறம், 'பகடி' என்ற பெயரில் குடிவரும்போதே பெருந்தொகை கைமாறியது. சட்டம் குறைத்துவைத்த வாடகை வேறு வழியாக வசூலானது.

பாதுகாப்பு கிடைத்த வாடகைதாரர் எளிதில் வெளியேற மாட்டார் என்ற அச்சத்தால் பலர் வீட்டைப் பூட்டியே வைக்கிறார்கள். 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, நகர்ப்புற வீடுகளில் சுமார் 12 சதவீதம் காலியாக இருப்பதாகக் குறிப்பிட்டது. நகரங்களில் வாடகை வீடுகளின் பங்கு 1961-ல் 54 சதவீதமாக இருந்து 2011-ல் 28 சதவீதமாகக் குறைந்ததையும் அது சுட்டியது. இதற்கு வாடகைச் சட்டம் மட்டும் காரணமில்லை. வீட்டுக் கடன் பெருகியதும், சொந்த வீடே பெருமை என்ற எண்ணமும் சேர்ந்தே உள்ளன. ஆனாலும் காலி வீடுகள் கூடும்போது எஞ்சிய வீடுகளின் வாடகை ஏறுவது இயல்பு.

தொகை வரம்பு உரிமையாளரின் நடத்தையையும் மாற்றும் என்பதற்கு நியூயார்க் நகரம் தெளிவான சான்று. அங்கே 1990களில் வந்த சட்டங்களின்படி, கட்டுப்பாட்டில் உள்ள வீடு காலியாகும்போது சட்டப்படியான மாத வாடகை 2,000 டாலரை எட்டினால் அந்த வீடு கட்டுப்பாட்டிலிருந்து நிரந்தரமாக விடுபட முடிந்தது. வரம்பு 2011-ல் 2,500 டாலராகவும் 2015-ல் 2,700 டாலராகவும் உயர்த்தப்பட்டது. குடியிருப்பவர் போனால் வீடு கட்டுப்பாட்டிலிருந்து விடுபடும் என்பதால் அவரைப் போகவைப்பதில் உரிமையாளருக்கு ஆதாயம் இருந்தது. ஒவ்வொரு முறை வீடு காலியாகும்போதும் வாடகையைக் கூட்ட முடிந்தது. புதுப்பித்த செலவையும் சேர்த்து வரம்பை எட்டினார்கள். மலிவான வீடுகள் ஒவ்வொன்றாகக் கட்டுப்பாட்டிலிருந்து நழுவின. 2019 ஜூனில் நியூயார்க் மாநிலம் இந்த விடுவிப்பு வரம்பையே நீக்கியது.

நியாய வாடகை என்றால் குறைந்த வாடகையா?

தமிழ்நாட்டின் பழைய சட்டத்தில் நியாய வாடகை என்பது கட்டடத்தின் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம். கடைகளுக்கு 12 சதவீதம். மனையின் சந்தை மதிப்பையும், தேய்மானம் கழித்த கட்டுமானச் செலவையும், வசதிகளுக்கான மதிப்பையும் கூட்டியதே மொத்த மதிப்பு.

ஒரு வீட்டுக்கு மனை மதிப்பு 20 லட்சம், கட்டட மதிப்பு 10 லட்சம் என்று கொள்ளலாம். 30 லட்சத்தில் 9 சதவீதம் 2,70,000 ரூபாய், மாதத்துக்கு 22,500. அந்த வீட்டில் ஒருவர் 6,000 ரூபாய்க்கு இருந்தால் நியாய வாடகை மனுவால் பயன் பெறுபவர் உரிமையாளர்தான். சென்னையில் நில மதிப்பு ஏறிய பிறகு இந்த மனுக்களை உரிமையாளர்களே பெருமளவில் தாக்கல் செய்ததற்கு இதுவே காரணம். இந்தக் கணக்கில் குடியிருப்பவரின் வருமானம் எங்கும் வருவதில்லை. சட்டப் பாதுகாப்பும் தாங்கக்கூடிய வாடகையும் ஒன்றல்ல. முதலாவது இருந்தாலும் இரண்டாவது தானாக வந்துவிடாது.

தமிழ்நாட்டில் இன்று

1960-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்துதல் சட்டம், 2017 அதன் இடத்தில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் தொகை வரம்பு இல்லை. வாடகை 3,000 ஆனாலும் 80,000 ஆனாலும் ஒரே விதி. நியாய வாடகை நிர்ணயமும் இல்லை; வாடகை என்பது இரு தரப்பும் ஒப்பந்தத்தில் எழுதியது.

பழைய கோடு போன இடத்தில் புதிய கோடு ஒன்று வந்திருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதே அது. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது வீட்டைக் காலி செய்யக் கேட்பதற்கே ஒரு காரணமாகச் சட்டத்தில் உள்ளது. பத்திரப்பதிவைத் தவிர்க்க 11 மாத ஒப்பந்தம் போடும் பழக்கம் நாடெங்கும் உண்டு. ஓராண்டுக்குக் குறைவான குத்தகைக்கு 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு கட்டாயமில்லை என்பதே அதன் அடிப்படை. ஆனால் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் பதிவு வேறு. 11 மாதம் என்று எழுதியிருப்பதால் அது தேவையில்லை என்று எண்ணுவது தவறு.

அட்வான்ஸ் பற்றியும் கவனம் வேண்டும். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்பது விதி. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அந்த ஒப்பந்தமே செல்லும். பத்து மாத அட்வான்ஸுக்குக் கையெழுத்திட்டவர் பிறகு இந்த விதியைக் காட்ட முடியாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

குடிவருமுன் சரிபார்க்க வேண்டியவை

1. வீடு இருக்கும் இடத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும்? மாநிலம் மாறினால் வரம்பும் மாறும்.

2. உரிமையாளர் தனிநபரா, கோயிலா, வக்ஃபா, அறக்கட்டளையா, அரசா? விலக்குகள் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

3. தொகை வரம்பு உள்ள மாநிலத்தில் மொத்தத் தொகை வரம்புக்கு எவ்வளவு அருகில் உள்ளது? தண்ணீர், பராமரிப்பு, சாமான் வாடகை ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்டுள்ளனவா? கட்டடம் கட்டி முடித்த ஆண்டு எது?

4. வாடகை உயர்வு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எத்தனை சதவீதம் என்பது ஒப்பந்தத்தில் எண்ணாக உள்ளதா? 'அவ்வப்போது உயர்த்தப்படும்' என்ற வரியை ஏற்கக் கூடாது.

5. அட்வான்ஸ் தொகையும், வெள்ளையடிப்பு போன்ற பிடித்தங்களும் எழுதப்பட்டுள்ளனவா?

6. வாடகை வங்கி வழியாகப் போகிறதா? ரொக்கமானால் மாதந்தோறும் ரசீது வருகிறதா?

7. உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. பணவிடையில் அனுப்பி, அதுவும் திரும்பினால் வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி இருக்கிறது. வாங்க மறுத்துவிட்டுப் பிறகு பாக்கி என்று மனுப் போடுவது பழைய உத்தி.

8. தமிழ்நாட்டில் ஒப்பந்தம் பதிவாகி, பதிவு எண் கைக்கு வந்துவிட்டதா?

வாடகை வரம்பை எந்த அரசு எந்தத் தொகையில் வைத்தாலும், விலைவாசியோடு சேர்த்து அதை உயர்த்தும் ஏற்பாடு சட்டத்திலேயே இல்லாவிட்டால் அந்த வரம்பு சில ஆண்டுகளில் பயனற்றுப்போகும். 400 ரூபாயும் 3,500 ரூபாயும் அதற்குச் சாட்சி. சட்டம் திருத்தப்படும்வரை வாடகைதாரர் தானே செய்துகொள்ளக்கூடிய பாதுகாப்பு எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தமும், மாதந்தோறும் சேர்த்துவைத்த ரசீதுகளும்தான். வீட்டுச் சாவியை வாங்கும் நாளிலேயே இந்த இரண்டுக்கும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.